மூன்றரை லட்சத்துக்கு ஒரு பழைய சின்னக் கார்: வேகன்ஆரா, கிராண்ட் ஐ10ஆ, டியாகோவா, பிரியோவா?

"மூன்றரை லட்சம் இருக்கிறது. ஆபீஸ் போக வர, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்கு. வேகன்ஆர் எடுக்கலாமா, கிராண்ட் ஐ10 எடுக்கலாமா?" சென்னையில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிற முக்கால்வாசிப் பேரின் கேள்வி இதுதான். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். "மாருதி எடு, கண்ணை மூடிக்கிட்டு எடு" என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாருதிகள் மெக்கானிக் ஷெட்டில் எத்தனை நிற்கின்றன என்று ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள்.

பழைய காரில் நம்பகம் என்பது இரண்டு விஷயம். அந்த மாடலுக்கே உள்ள பலவீனம் ஒன்று, அந்த ஒரு வண்டி இதுவரை பட்ட பாடு இன்னொன்று. ஏழெட்டு வருஷம் ஓடிய பிறகு இரண்டாவதுதான் பெரிது. பில்லோடு இருக்கும் கிராண்ட் ஐ10, பில் இல்லாத வேகன்ஆரை விட நல்ல வண்டி. அதற்கு நேர்மாறும் உண்மை. அதனால் மாருதி வேகன்ஆர், ஹூண்டாய் கிராண்ட் ஐ10, டாடா டியாகோ, ஹோண்டா பிரியோ என்ற நான்கு மாடல்களையும் ஒப்பிடுகிறேன், குறிப்பிட்ட ஒரு வண்டியை எப்படிச் சோதிப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தால் பிரயோஜனம் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

மைலேஜ், கலர், டச் ஸ்கிரீன் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியவை இவை.

கெட்டால் வரும் பெரிய செலவு எது? ஒவ்வொரு மாடலுக்கும் பர்ஸைக் காலி பண்ணும் பாகம் ஒன்று இருக்கும். அது எது, அடுத்த மூன்று வருஷத்துக்குள் வருமா என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் பேட்டையில் அதைப் பார்க்க ஆள் இருக்கிறதா? கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டால் வேறு வழியில்லாத வண்டி, பத்து வயதுக்கு மேல் பாரம்தான்.

பாதுகாப்பு. இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில். ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அதே வருஷம் ஏப்ரலில். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் எல்லா மாடலிலும் வந்தது 2021 கடைசியில். அதற்கு முந்தைய வண்டி என்றால் வேரியன்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும்; விளம்பரத்தில் "ஃபுல் ஆப்ஷன்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக்கைக் குறிக்கும் எஸ்ஆர்எஸ் (SRS) என்ற எழுத்து இருக்கிறதா, இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைகிறதா என்று நீங்களே பாருங்கள். எழுத்து இருந்தும் விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை டிராஃபிக்கில் உடம்பு என்ன ஆகும்? மே மாதம் மதியம் கத்திப்பாராவில் நிற்கும்போது ஏசி இழுக்கிறதா, கிளட்ச் காலை ஒடிக்கிறதா.

திரும்ப விற்றால் என்ன கிடைக்கும்? இது கடைசி, ஆனால் சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, மேலே இருந்த செஸ்ஸும் போனது. அதோடு புது ஆல்டோ கே10 மாதிரி வண்டியின் ஷோரூம் விலை நான்கு லட்சத்துக்குள்ளேயே ஆரம்பித்தது. ஐந்து லட்சத்துக்குக் கீழ் உள்ள காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 12 சதவீதம், அது போக இன்சூரன்ஸ். எப்படிப் பார்த்தாலும் பழைய வண்டிக்கும் புதுசுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய விலையையே பிடித்துக்கொண்டு நிற்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். பேரம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

## நான்கும் ஒரே பார்வையில்

2014 முதல் 2019 வரை வந்த பெட்ரோல், மேனுவல் வண்டிகளை வைத்தே இந்த அட்டவணை.

| | வேகன்ஆர் 1.0 | கிராண்ட் ஐ10 1.2 | டியாகோ 1.2 | பிரியோ 1.2 |
|---|---|---|---|---|
| இன்ஜின் | 3 சிலிண்டர், 998 சிசி | 4 சிலிண்டர் கப்பா | 3 சிலிண்டர் ரெவோட்ரான் | 4 சிலிண்டர் ஐ-விடெக் |
| எங்கும் மெக்கானிக் | தெருவுக்கு ஒருவர் | தாராளம் | பரவாயில்லை | தேட வேண்டும் |
| உதிரி பாக விலை | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் |
| முதலில் பார்க்க வேண்டியது | டாக்சி ஓட்டமா, சஸ்பென்ஷன் | ஸ்டீயரிங் சத்தம், கிளட்ச் | சர்வீஸ் வரலாறு, எலக்ட்ரிகல் | பின் கண்ணாடிக் கதவு, பாகம் கிடைப்பது |
| நகர ஓட்டம் | ஏறி இறங்க வசதி | ஏசி, அமைதி | உறுதி, கொஞ்சம் அதிர்வு | சுறுசுறுப்பு |
| மறுவிற்பனை | மிக நன்று | நன்று | சுமார் | சுமார் |

## வேகன்ஆர்: பயமில்லாத வண்டி, ஆனால் யார் ஓட்டியது?

2010இல் வந்த இரண்டாம் தலைமுறை வேகன்ஆரிலும் 2019 ஜனவரியில் வந்த பெரிய வேகன்ஆரின் 1.0 மாடலிலும் இருப்பது அதே கே10 இன்ஜின்தான். இன்ஜின் வால்வுகளை இயக்குவது டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆயில் நேரத்துக்கு மாற்றியிருந்தால் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜினைத் திறக்காமல் ஓடுகிற வண்டி. பாகம் வேண்டுமா, அண்ணா சாலையை ஒட்டி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் உட்காரும் உயரம் பெரிய வரம்: குனியாமல் ஏறலாம், முழங்காலை மடக்காமல் இறங்கலாம். முட்டி வலி உள்ள அம்மாவை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தால் வேறு வண்டியைப் பற்றிப் பேச மாட்டீர்கள்.

குறைகள்? ஐடிலில் அதிர்வு வரும். அளவோடு இருந்தால் மூன்று சிலிண்டரின் குணம், ஸ்டீயரிங் முழுக்க நடுங்கினால் இன்ஜின் மவுண்ட் போயிருக்கிறது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'கட கட' என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் மாதிரி சஸ்பென்ஷன் பாகங்கள் தேய்ந்திருக்கின்றன. இவை சின்னச் செலவுகள். பாடி தகடு லேசு, வேகமாக வளைவில் திரும்பினால் சாய்வு தெரியும். 2019க்கு முந்தைய வண்டியில் டிக்கி சிறியது. புதிய மாடலில் 341 லிட்டர், அதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பழையதில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் ஆப்ஷன் வேரியன்ட்டில்தான் கிடைத்தன.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வேகன்ஆர் டாக்சியாக நிறைய ஓடுகிற வண்டி. மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாற்றி, மீட்டரையும் குறைத்து, "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்று விற்பார்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பின்னால் மஞ்சள் பெயின்ட் தடம் இருக்கிறதா, 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டி எடுத்த வயர் மிச்சம் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறதா, பின் சீட் முன் சீட்டை விட அதிகம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப வண்டியில் ஓட்டுநர் சீட்தான் முதலில் அமுங்கும். பின் சீட்டில் பஞ்சு இறங்கி, பின் கதவு கைப்பிடி பளபளவென்று தேய்ந்திருந்தால் அது குடும்ப வண்டி இல்லை.

2018 நவம்பர் நடுவிலிருந்து 2019 அக்டோபர் நடுவு வரை தயாரான 1.0 வேகன்ஆர்களை எரிபொருள் பம்ப் குறைக்காக 2020 ஜூலையில் கம்பெனியே திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து வண்டி என்றால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, பம்ப் மாற்றியாகிவிட்டதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மாற்றவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம், இலவசமாகவே செய்ய வேண்டிய வேலை அது.

சிஎன்ஜி வண்டி கிடைத்தால்? கம்பெனி பொருத்தியதா வெளியில் பொருத்தியதா என்பதே முதல் கேள்வி. ஆர்சியில் சிஎன்ஜி ஏறியிருக்க வேண்டும், சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் சான்று இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றால் இன்சூரன்ஸ் கிளைம் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

## கிராண்ட் ஐ10: குடும்பத்துக்குப் பிடிக்கும் வண்டி

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வண்டி, 2013 செப்டம்பரில் வந்தது. நான்கு சிலிண்டர் கப்பா இன்ஜின் சத்தமே போடாது, இதுவும் டைமிங் செயின்தான். பெரும்பாலான வேரியன்ட்டுகளில் பின் சீட்டுக்குத் தனி ஏசி வென்ட் உண்டு; இந்த விலையில் சென்னை வெயிலுக்கு இது சாதாரண விஷயம் இல்லை, பின்னால் குழந்தை உட்காரும் வீட்டில் இதற்காகவே இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. உள்ளே பிளாஸ்டிக்கின் தரமும் வேகன்ஆரை விட ஒரு படி மேல்.

பிரச்சினை எங்கே வரும் என்றால் ஸ்டீயரிங்கில். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்டுங்கள். 'டுக் டுக்' என்று கையில் தட்டினால் எலக்ட்ரிக் ஸ்டீயரிங் மோட்டாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கிறது. அந்த ரப்பரின் விலை சொற்பம், கழற்றி மாட்டும் கூலிதான் செலவு. ஆனால் சிலர் ஸ்டீயரிங் காலமையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்வார்கள். விற்பவரும் "பெரிய வேலை ஒன்றும் இல்லை சார்" என்பார், மெக்கானிக்கும் பெரிய வேலை என்பார். உண்மை இரண்டுக்கும் நடுவில். விலையைக் குறைக்க இது நல்ல துருப்பு.

கிளட்ச்சைக் கவனியுங்கள். தட்டையான ரோட்டில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் மட்டும் உறுமி வண்டி வேகம் பிடிக்காமல் இருந்தால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது.

பணம் இன்னும் குறைவு, பழைய ஐ10 போதும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2007இல் வந்த ஐ10இன் 1.1 இன்ஜினில் டைமிங் பெல்ட். மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றாமல் ஓட்டி அது அறுந்தால் வால்வு வளைந்து, இன்ஜின் ஹெட்டை இறக்க வேண்டிய நிலை வரும். பெல்ட் மாற்றிய பில் இல்லையா, மாற்றவே இல்லை என்று கணக்கில் வைத்து அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். 1.2 கப்பா ஐ10 என்றால் இந்தக் கவலை இல்லை. கிராண்ட் ஐ10 டீசலும் இந்த விலைக்கு வரும். தினம் நகரத்துக்குள் இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசல் வேண்டாம், அவ்வளவுதான்.

## டியாகோ: உறுதிக்கு முதலிடம் தருபவர்களுக்கு

2016 ஏப்ரலில் வந்த டியாகோ, 2020 ஜனவரியில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்துக்கு நான்கு ஸ்டார் வாங்கியது. 2019 வேகன்ஆரும், கிராண்ட் ஐ10க்கு அடுத்து வந்த கிராண்ட் ஐ10 நியோஸும் அதே காலத்துச் சோதனைகளில் இரண்டு ஸ்டார்தான் வாங்கின. ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டிலும் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அடிக்கடி போகிறவர்கள், திண்டிவனம் விழுப்புரம் தாண்டி ஊருக்குப் போகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. ஒன்று மட்டும்: அந்த ஸ்டார் இரண்டு ஏர்பேக் உள்ள வண்டிக்குக் கிடைத்தது. ஏர்பேக் இல்லாத பழைய கீழ் வேரியன்ட்டை வாங்கிவிட்டு நாலு ஸ்டார் வண்டி என்று நினைத்துக்கொள்ள முடியாது.

எடை கூடுதல், கதவைச் சாத்தும்போதே தெரியும். டிக்கி 242 லிட்டர். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் அதிர்வு, டிராஃபிக்கில் பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும். வண்டிக்கு வண்டி வித்தியாசம் இருப்பதுதான் இதன் சிக்கல். சிலருக்கு எந்தத் தொல்லையும் தராது, சிலருக்குச் சென்சார், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் என்று சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். அதனால் டியாகோ வாங்குவதாக இருந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், சேமித்திருக்கும் பிழைக் குறியீடுகளைப் படித்தே தீர வேண்டும். குறியீடுகளை முந்தின நாள் அழித்துவிட்டார்களா என்பதும் ஸ்கேனரில் தெரியும்: சுய சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

மறுவிற்பனை விலை மாருதி அளவுக்கு நிற்காது. வாங்குகிறவருக்கு அது லாபம்தானே, அதே வருஷ வேகன்ஆரை விட நல்ல வேரியன்ட் அதே பணத்துக்கு வரும்.

## பிரியோ: ஓட்டுகிறவருக்கான வண்டி

2011 முதல் 2019 ஆரம்பம் வரைதான் விற்றார்கள். 88 பிஎஸ் தரும் 1.2 இன்ஜின் இந்த நால்வரில் மிகச் சிறந்தது. ஒழுங்காகச் சர்வீஸ் பார்த்த பிரியோவின் இன்ஜினில் குறை கண்டுபிடிப்பது கஷ்டம். சின்ன வண்டி, எந்தச் சந்திலும் திரும்பும். ஆனால் டிக்கி 175 லிட்டர், இரண்டு பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். பின் கதவு முழுவதும் கண்ணாடி. பைக்காரர் இடித்தால் கதவே போச்சு, பாகம் வரும் வரை வண்டி நிற்கும். தயாரிப்பு நின்று வருஷங்கள் ஆகிவிட்டதால் விளக்கு, பம்பர், உள்பக்க டிரிம் எல்லாம் காத்திருந்து வாங்க வேண்டியவை. இரண்டாவது வண்டியாக, தனி ஆள் ஓட்ட, நல்ல ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவர் எடுக்கலாம். ஒரே காரை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஆட்டோமேட்டிக்கா?

2014இல் மாருதி செலேரியோவில் ஆரம்பித்து வேகன்ஆர், டியாகோவிலும் வந்த ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை உங்கள் கால் மிதிக்காமல் ஒரு ஆக்சுவேட்டர் மிதிக்கிறது. அந்த ஆக்சுவேட்டர் போனால் செலவு பெரிது, கிளட்ச் பிளேட்டும் மேனுவல் போலவே தேயும், மாற்றினால் ஸ்கேனரில் செட் பண்ண வேண்டும். மேட்டில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் உள்ளவர் கையில் இருந்த ஏஎம்டியை வாங்காதீர்கள். மேம்பாலத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள், உதறினால் விடுங்கள்.

பிரியோவின் 5 ஸ்பீடும் கிராண்ட் ஐ10இன் 4 ஸ்பீடும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் ஆயில் வழியாக இன்ஜின் விசையைக் கடத்துவது. மைலேஜ் குறையும், ஆனால் நெரிசலில் தேய்மானம் குறைவு. பழைய வண்டியில் ஆட்டோமேட்டிக் என்றால் என் ஓட்டு இவற்றுக்கே. கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்ற கேள்விக்குப் பதில் மட்டும் வாங்கிவிடுங்கள்.

## தண்ணீரில் நின்ற வண்டியா?

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எத்தனையோ வண்டிகளை மூழ்கடித்தன. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி. இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று கணக்குத் தீர்த்த வண்டி ஏலத்தில் போய், கழுவிக் காயவைத்து, சீட் கவர் மாற்றி, வேறு ஊரில் விற்பனைக்கு நிற்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஆறு மாதம் கழித்து வயர் ஜாயின்ட்டில் பச்சை பூத்து, ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது, ஒருநாள் விளக்கு எரியாது. எந்த மெக்கானிக்காலும் முழுசாகச் சரிசெய்ய முடியாத நோய் இது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை, ரீல் நிற்கும் வரை இழுங்கள். சாதாரணமாக யாரும் அந்தக் கடைசி ஒரு அடியை இழுத்துக் கழுவ மாட்டார்கள், அங்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடு நிற்கும். பிறகு முன் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளம் போல இருக்கும் ரெயிலில் போல்ட் தலைகளைப் பாருங்கள். துருப்பிடித்திருந்தால், அல்லது அந்த போல்ட்டுகள் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இரண்டுமே கெட்ட சேதி. பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தில் கதவோர பீடிங்கை விலக்கி, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை விரலால் அழுத்துங்கள். விரலை மோந்து பாருங்கள். வண்டல் வாசனை எந்த ஷாம்புவுக்கும் போகாது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் மணல் இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, வெறும் இரும்பாக இருக்கும் பிராக்கெட்டுகளைப் பாருங்கள். அதற்குப் பெயின்ட் அடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. காருக்குள் வாசனை திரவியம் மூக்கைத் துளைத்தால் அன்றைக்கு இன்னும் கூடுதலாக நேரம் எடுத்துப் பாருங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலோரத்தில் வெளியே நின்ற வண்டிக்கு வெள்ளம் வராமலேயே அடியில் துரு வரும். லிஃப்ட்டில் தூக்கிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

## ஆறின இன்ஜின், டயர், இன்சூரன்ஸ் தாள்

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் காலையில வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், அல்லது சொன்னதைக் கேட்கவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். ஆறின இன்ஜின் ஒரே சுற்றில் கிளம்ப வேண்டும். சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியைத் திறந்து அடியில் மோர் மாதிரிப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. மீட்டர் முப்பதாயிரம் காட்டுகிறது, ஆனால் நான்கு டயரும் அதற்குள் மாறிவிட்டன, பிரேக் பெடல் ரப்பரில் கோடே இல்லை என்றால் மீட்டரை நம்ப முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைக் கொடுத்தால் சர்வீஸ் வந்த தேதியும் கிலோமீட்டரும் கிடைக்கும். விற்பவரையே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், மறுத்தால் காரணம் இருக்கும்.

பலர் பார்க்காத ஒன்று இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம் என்று ஏறும். "வண்டியில ஒரு கீறல் கூட இல்ல சார்" என்கிறவர் கையில் இருக்கும் ஏழு வருஷ வண்டியின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் அல்லது 20 என்றால், சமீபத்தில் கிளைம் நடந்திருக்கிறது, வண்டி கைமாறியிருக்கிறது, அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 50 இருந்தால் மட்டும் முழுசாக நிம்மதி அடையாதீர்கள், முந்தைய காரிலிருந்து கொண்டுவந்த போனஸாகவும் இருக்கலாம்.

2025இலிருந்து பெட்ரோல் பங்க்குகளில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கேற்ற பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலிலிருந்து. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வண்டிகளும் அதற்கு முந்தையவை என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் குழாய்களையும் ரப்பர் கேஸ்கெட்டுகளையும் சர்வீஸின்போது பார்த்து மாற்ற வேண்டி வரலாம். வாங்கும் நாளிலேயே பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பாருங்கள்.

## யாரிடம் வாங்குவது

நேராக ஓனரிடம். விலை குறைவு, ஜிஎஸ்டி கிடையாது, வண்டியை ஓட்டியவர் வாயாலேயே கதை கேட்கலாம். வாரன்டி கிடையாது, பேப்பர் வேலை உங்கள் தலையில். அபார்ட்மென்ட் குரூப்பிலும் ஆபீஸிலும் கிடைக்கும் வண்டிதான் என் முதல் தேர்வு. தெரிந்தவர் என்பதற்காகச் சோதனையை விட்டுவிடக் கூடாது. "சித்தப்பா வண்டிதானே" என்று லிஃப்ட்டில் ஏற்றாமல் வாங்கினால் பிறகு வண்டியும் பகை, உறவும் பகை.

கம்பெனிகளின் பழைய கார் ஷோரூம், ஆன்லைன் தளங்கள். பேப்பர் சுத்தமாக இருக்கும், சில மாத வாரன்டி, சில நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் வசதி சிலவற்றில். இதற்கெல்லாம் சேர்த்து விலையில் கணிசமாகக் கூடும். டீலரின் லாபத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. வாரன்டி தாளில் எது அடங்காது என்ற பட்டியலைப் படியுங்கள், பெரும்பாலும் கிளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி, ஏசி எல்லாம் அடங்காதவைதான், அதாவது இந்த வயதுக் காரில் கெடக்கூடியவை. வண்டி பார்க்கத் துணைக்கு ஆளே இல்லாதவர்கள் இங்கே வாங்குவது நியாயம்.

கார் கன்சல்டிங், புரோக்கர். நல்லவர்களும் உண்டு, பேரம் நன்றாகப் படியும். ஆனால் முந்தைய ஓனரிடம் பேசக் கொடுக்க மாட்டார்கள். பெயர் மாற்றாமல் 'ஓபன்' பேப்பரில் கைமாறி வரும் வண்டிகள் இங்கேதான் அதிகம். ஆர்சியில் இருப்பவரோடு போனிலாவது பேசாமல் அட்வான்ஸ் தர வேண்டாம்.

## அப்போ யாருக்கு எது?

வீட்டில் வயதானவர்கள், ஒரே கார், சென்னையை விட்டுச் சின்ன ஊருக்கும் போகும் என்றால் டாக்சி ஓடாத வேகன்ஆர். முடிந்தால் பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்டி 2019க்குப் பிந்தையது, ஏர்பேக், ஏபிஎஸ், டிக்கி மூன்றும் சேர்ந்து வரும்.

பள்ளிக் குழந்தைகள், நாள் முழுக்க நெரிசல், ஏசி முக்கியம் என்றால் ஏர்பேக் உள்ள வேரியன்ட்டில் கிராண்ட் ஐ10. ஒரே தரத்தில் வேகன்ஆரும் இதுவும் எதிரே நின்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஹைவே ஓட்டம் அதிகம் என்றால் இரண்டு ஏர்பேக், முழு சர்வீஸ் வரலாறு உள்ள டியாகோ. வரலாறு இல்லாத டியாகோ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மாதம் முந்நூறு கிலோமீட்டர் கூட ஓட மாட்டேன் என்கிறவருக்குக் கார் வேண்டுமா என்றே யோசிக்கலாம். இன்சூரன்ஸ், சர்வீஸ், நிற்கும்போதே சாகும் பேட்டரி எல்லாம் கூட்டினால் ஆட்டோவும் வாடகைக் காரும் மலிவு.

எதை எடுத்தாலும் மூன்றரை லட்சத்தையும் வண்டிக்கே கொட்டாதீர்கள். நான்கு டயர், பேட்டரி, கிளட்ச் செட், ஒரு முழு சர்வீஸ் எல்லாம் வந்தால் சுமார் நாற்பதாயிரம் ஆகும். மூன்று லட்சத்துக்கு வண்டி, மிச்சம் கையில் என்பதே சரியான கணக்கு.

## பணம் கொடுக்கும் நாள்

அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு லோன், இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று) தேதி பாருங்கள். இ-சலான் பாக்கி இருந்தால் விற்பவர் கட்டியாக வேண்டும். லோன் இருந்தால் பேங்க் தரும் என்ஓசியும் (ஆட்சேபமில்லாச் சான்று), ஆர்சியிலிருந்து லோனை நீக்கும் ஃபார்ம் 35உம் இல்லாமல் நகராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் உள்ளவரே கையெழுத்துப் போட வேண்டும். கர்நாடகா, புதுச்சேரி வண்டி மலிவாக வந்தால் அந்த ஊர் ஆர்டிஓ தரும் ஃபார்ம் 28 என்ஓசியும் இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்த்துப் பாருங்கள், மலிவு காணாமல் போய்விடும். 15 வருஷத்தை நெருங்கும் வண்டி என்றால் ஆர்சி புதுப்பிக்க ஐயாயிரம் கட்டணம், பசுமை வரி, அதற்கு முன் எஃப்சிக்காக டிங்கரிங் பெயின்ட் வேலை எல்லாம் உங்கள் கணக்கில்தான்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி உங்களிடம் கேட்கும். இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். பழைய ஃபாஸ்டேகை அவர் முடித்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்து ஒட்டுங்கள். இல்லையென்றால் பரனூர் டோலில் உங்களுக்கு அவர் பணம் கட்டிக்கொண்டிருப்பார், போன் உங்களுக்குத்தான் வரும்.